கட்சிக்கு வெளியே ஒரு கட்சி

அயர்லாந்து: ஊரும் கட்சியும் – அத்தியாயம் 9

சென்ற அத்தியாயத்தை 1970 மே 6-ஆம் நாள் அதிகாலையில் நிறுத்தியிருந்தோம். பிரதமர் ஜாக் லிஞ்ச் நிதியமைச்சர் சார்ல்ஸ் ஹாஹியையும் வேளாண் அமைச்சர் நீல் பிளேனியையும் அமைச்சரவையிலிருந்து நீக்கிவிட்டார். அதைக் கண்டித்து உள்ளாட்சித் துறை அமைச்சர் கெவின் போலண்ட் தானே பதவி விலகினார். வடக்கு அயர்லாந்தின் கத்தோலிக்கக் குடியிருப்புகளுக்காகச் சட்டவிரோதமாக ஆயுதம் தருவிக்க முயன்றார்கள் என்பது நீக்கப்பட்ட இருவர்மீதும் இருந்த குற்றச்சாட்டு. பிளேனி மீதான வழக்கை ஜூலை 2-ஆம் நாள் மாவட்ட நீதிமன்றமே தள்ளுபடி செய்தது. ஹாஹியையும் அவரோடு நின்ற மற்றவர்களையும் அக்டோபரில் ஜூரி விடுவித்தது. நீதிமன்றத்தில் இந்தக் கணக்கு ஆறு மாதத்துக்குள் முடிந்துவிட்டது. கட்சிக்குள் அதைத் தீர்க்க 36 ஆண்டுகள் ஆயின.

மூவருமே ஃபியானா ஃபாய்ல் கட்சியின் முன்வரிசைத் தலைவர்கள். வடக்கை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற நிலைப்பாட்டுக்காக ஒரே வாரத்தில் பதவி இழந்தவர்கள். அதன்பின் மூவரும் மூன்று திசையில் போனார்கள். ஹாஹி வாயை மூடிக்கொண்டு கட்சிக்குள் இருந்தார். லிஞ்சின் அரசுக்கு ஆதரவாக வாக்களித்தார். 1975-இல் முன்வரிசைக்குத் திரும்பி, 1979 டிசம்பரில் பிரதமரே ஆனார். போலண்ட் 1970 நவம்பரில் நாடாளுமன்ற இடத்தையும் துறந்து, 1971-இல் ‘ஐக்கிய அயர்லாந்து’ என்று பொருள்படும் ஆயின்டாக்ட் ஏரன் என்ற புதுக்கட்சியைத் தொடங்கினார். 1973 தேர்தலில் அக்கட்சி நாடு முழுவதும் ஒரு விழுக்காட்டு வாக்கைக்கூட எட்டவில்லை, போலண்டும் தோற்றார். பிளேனி கட்சியைவிட்டு வெளியேற்றப்பட்டும் புதுக்கட்சி எதிலும் சேராமல், பழைய பெயரின் முன்னால் ‘சுயேச்சை’ என்ற ஒரு சொல்லை ஒட்டிக்கொண்டு, 1995-இல் இறக்கும்வரை எல்லாப் பொதுத்தேர்தல்களிலும் வென்றார். ஏறக்குறைய ஒரே கொள்கைக்கு எப்படி மூன்று முடிவுகள் வந்தன? பிளேனியின் பிடிவாதம், பேச்சுத்திறன், வடக்குப் பற்று என்று பல காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. சான்றுகளை அடுக்கிப் பார்த்தால், இவற்றைவிட எளிமையான ஒரு காரணமே முன்னால் வந்து நிற்கிறது. டொனிகாலில் கட்சி என்று மக்கள் அறிந்திருந்தது டப்ளின் தலைமையகத்தை அன்று, பிளேனியின் ஆட்களைத்தான். தலைமை அவரை நீக்கியபோது அந்த மாவட்டத்தில் தன் உடைமையில் பெரும்பங்கையும் சேர்த்து நீக்கிவிட்டது.

இதைப் புரிந்துகொள்ள முதலில் நிலப்படத்தைப் பார்க்க வேண்டும். டொனிகால் அயர்லாந்துத் தீவின் வடமேற்கு மூலை. அது அல்ஸ்டர் மாகாணத்தைச் சேர்ந்தது. ஆனால் 1920-களில் நாடு பிரிக்கப்பட்டபோது அல்ஸ்டரின் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றுவிட, டொனிகால் தெற்கின் பக்கம் வந்தது. அதன் இயல்பான சந்தை நகரமான டெரி எல்லைக்கு அப்பால் போய்விட்டது. குடியரசின் மற்ற பகுதிகளோடு டொனிகாலை இணைப்பது தெற்கே லீட்ரிம் மாவட்டத்தைத் தொடும் ஒடுங்கிய நிலத்துண்டு மட்டுமே. டப்ளின் எப்போதும் தொலைவில்தான் இருந்தது. இந்த மாவட்டத்தின் வடகரையில் கடலுக்குள் நீளும் ஃபனாட் தீபகற்பத்தில் 1922 அக்டோபர் 1-ஆம் நாள் நீல் பிளேனி பிறந்தார். தந்தை நீல் பிளேனி (தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர்) விடுதலைப் போரிலும் உள்நாட்டுப் போரிலும் டொனிகாலில் படைத்தலைவராக இருந்தவர். 1926-இல் டி வலேரா தொடங்கிய ஃபியானா ஃபாய்லை அந்த மாவட்டத்தில் கட்டி எழுப்பியவர். 1927 முதல் நாடாளுமன்ற உறுப்பினர், இடையில் சில ஆண்டுகள் மேலவை உறுப்பினர். 1948-இல் அவர் இறக்க, டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலில் 26 வயது மகன் அந்த இடத்துக்கு வந்தார். பழைய படையின் ஊர்க்குழுக்களே கட்சியின் கிளைகளாக மாறியிருந்த இடம் அது. போராட்டக் காலத்தில் யார் யாரை ஒளித்து வைத்தார்கள், யார் வீட்டில் சோறு கிடைத்தது என்ற நினைவின்மேல் கட்டப்பட்ட அமைப்பு, தலைமையகத்தின் சுற்றறிக்கைக்காகக் காத்திருப்பதில்லை.

மகன் பிளேனி அந்த மரபுச் சொத்தைத் தேர்தல் தொழிலாக மாற்றினார். 1950-களின் நடுவிலிருந்து நாட்டில் எங்கே இடைத்தேர்தல் நடந்தாலும் டொனிகாலிலிருந்து கார்கள் வரிசையாகக் கிளம்பிப் போயின. வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்ப்பது, சந்தேகக்காரர்களைத் தனியே குறித்து மறுமுறை போய்ப் பார்ப்பது, வாக்குப்பதிவு நாளில் முதியவர்களை வண்டியில் அழைத்துவருவது என்று எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். நம்மூர்க் கட்சிக்காரர்கள் ‘பூத் வேலை’ என்று சொல்வதுதான் இது. இந்தப் படைக்கு அரசியல் வட்டாரத்தில் ‘டொனிகால் மாஃபியா’ என்றே பெயர் நிலைத்தது. எதிரிகளுக்கு அது வசை; உள்ளே இருந்தவர்களுக்குப் பெருமை. 1957-இல் அமைச்சரான பிளேனி, அவ்வாண்டு இறுதியிலிருந்து 1966 வரை உள்ளாட்சித் துறையை வைத்திருந்தார். வீடுகள், சாலைகள், கிராமக் குடிநீர், தொகுதி எல்லைகள் எல்லாம் அவர் மேசைக்கு வந்தன. 1959-இல் அவர் கொண்டுவந்த தொகுதிச் சீரமைப்புச் சட்டம் மேற்கு மாவட்டங்களுக்கு மக்கள்தொகைக்கு மிஞ்சிய இடங்களைத் தந்திருந்ததால், 1961-இல் உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. வாக்கையும் வரைபடத்தையும் அவர் எவ்வளவு கூர்ந்து படித்திருந்தார் என்பதற்கு அந்தத் தோல்வியே ஒரு சான்று.

அடுத்துப் பார்க்க வேண்டியது தேர்தல் முறை. அயர்லாந்தில் ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள். வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று தன் விருப்ப வரிசையில் குறிக்கிறார். இந்தியாவில் மாநிலங்களவைக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கும் அதே ஒற்றை மாற்று வாக்கு முறைதான். அங்கே பொதுமக்களே அப்படி வாக்களிக்கிறார்கள். மூன்று இடத் தொகுதியில் மொத்த வாக்கில் கால்பங்குக்கு ஒரு வாக்கு கூடக் கிடைத்தால் வெற்றி உறுதி. இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. ஒன்று, ஒரு கட்சியே இரண்டு மூன்று பேரை நிறுத்துவதால் ஒருவருக்கு முதல் போட்டியாளர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். அதே சின்னம், அதே தலைவர் படம், அதே கொள்கையோடு பக்கத்து ஊரிலிருந்து வரும் சொந்தக் கட்சிக்காரர். கொள்கையில் வேறுபாடு காட்ட வழியில்லாததால் அவர்கள் சேவையிலும் ஊர்ப்பற்றிலும் போட்டியிடுகிறார்கள். யார் ஓய்வூதிய மனுவை விரைவாக நகர்த்தினார், யார் சாவு வீட்டுக்கு வந்து நின்றார் என்பதே அளவுகோல். விருப்பு வாக்குக்காக ஒரே பட்டியலில் இருப்பவர்கள் மோதிக்கொள்வதைக் கண்டிருக்கும் இலங்கை வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டாவது விளைவு, தனக்கென்று கால்பங்கு வாக்கை வைத்திருப்பவரைக் கட்சி எவ்வளவு வெறுத்தாலும் அவையிலிருந்து அகற்ற முடியாது.

இங்கே வரலாறு ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. இந்தத் தேர்தல் முறையை ஒழித்து, ஒரு தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு பெற்றவர் வெற்றி என்ற பிரிட்டிஷ் முறையைக் கொண்டுவர ஃபியானா ஃபாய்ல் இரண்டு முறை மக்கள் வாக்கெடுப்பு நடத்தியது. 1959-இல் ஏறக்குறைய 52 விழுக்காட்டினரும், 1968-இல் 60-க்கு மேற்பட்ட விழுக்காட்டினரும் வேண்டாம் என்றார்கள். இரண்டு முறையும் பிளேனி அமைச்சரவையில் இருந்தார். முதல் முறை தேர்தல் விவகாரங்களைக் கவனித்த துறையே அவருடையது. அன்று மக்கள் அரசின் சொல்லைக் கேட்டிருந்தால், பின்னாளில் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளரை ஒற்றை இடத்துக்கு எதிர்த்து நிற்க வேண்டிய நிலை பிளேனிக்கு வந்திருக்கும். அவர் கட்சி ஒழிக்க நினைத்த முறையே அவருக்குக் கால்நூற்றாண்டுக் காலம் தாங்கலாக இருந்தது.

கட்சிக்குள் மோதல் 1970-இல் திடீரென வெடித்ததல்ல. 1966-இல் பிரதமர் ஷான் லெமாஸ் ஓய்வுபெற்றபோது ஹாஹியும் ஜார்ஜ் காலியும் வாரிசுப் போட்டியில் இறங்கினார்கள். இருவரையும் ஏற்காத பிளேனி தானும் நிற்கப்போவதாகக் காட்டினார். அந்த மும்முனை இழுபறியைத் தவிர்க்கத்தான் கார்க் நகரத்து லிஞ்ச் சமரச வேட்பாளராக வந்தார். ஹாஹியும் பிளேனியும் ஒதுங்க, லிஞ்ச் 52-க்கு 19 என்று காலியை வென்றார். தங்கள் சண்டையின் இடைவெளியில் வந்தவர் என்ற எண்ணம் இவர்களிடம் இருந்தது. தங்களைச் சார்ந்து நிற்கும் தலைவரை யாரும் முழுத்தலைவராக மதிப்பதில்லை. 1969 ஆகஸ்டில் டெரியின் பாக்சைட் பகுதியில் காவல்துறைக்கும் மக்களுக்கும் மோதல் மூண்டபோது, பிளேனியின் தொகுதியிலிருந்து பார்த்தால் அது அண்டை நாட்டுச் செய்தி அல்ல, அடுத்த ஊர்ச் செய்தி. டிசம்பர் 8-ஆம் நாள் டொனிகாலின் லெட்டர்கென்னியில், தான் நாடாளுமன்றம் புகுந்த 21-ஆம் ஆண்டைக் குறித்து நடந்த விருந்தில், ஃபியானா ஃபாய்ல் பலப்பிரயோகத்தை ஒருபோதும் முற்றாக விலக்கியதில்லை என்ற பொருளில் பேசினார். அமைதி வழியை வற்புறுத்திய பிரதமருக்கு இது நேரடிச் சவால். அதை அவர் டப்ளினில் விடுக்காமல், ஆசனத்தைத் தந்த தன் ஆட்களின் நடுவே நின்று விடுத்தார் என்பது கவனிக்கத்தக்கது. அடுத்த மே மாதம் பதவி போயிற்று. 1971 நவம்பரில், ஆயுத வழக்கில் தங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் என்று தன் அணி கருதிய அமைச்சர் ஜிம் கிப்பன்ஸ் தொடர்பான நம்பிக்கை வாக்கெடுப்பில் பிளேனி கட்சியோடு வாக்களிக்கவில்லை. நாடாளுமன்றக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு கட்சி உறுப்பினர் என்ற தகுதியும் பறிபோயிற்று.

வெளியேற்றத்துக்குப் பிறகு நடந்ததுதான் நம் வாதத்தின் உரைகல். வடகிழக்கு டொனிகாலில் கட்சிக் கிளைகளின் பெரும்பகுதி பிளேனியோடு போயிற்று. 1973 பொதுத்தேர்தலில் அந்த மூன்று இடத் தொகுதியில் பிளேனி, ஃபினா கேல் கட்சியின் பேடி ஹார்ட், அதிகாரபூர்வ ஃபியானா ஃபாய்லின் லியம் கன்னிங்ஹம் மூவரும் வென்றார்கள். நீக்கத்துக்கு முன் 1969-இல் வென்றவர்களும் இதே மூவர்தான். மாறியது பிளேனியின் அடைமொழி மட்டுமே. 1976-இல் கன்னிங்ஹம் இறக்க, வந்த இடைத்தேர்தலில் பிளேனி நிறுத்திய மோவில் ஊர்க்காரர் பேடி கீவ்னி வென்றார். அத்தொகுதியில் ஃபியானா ஃபாய்லுக்கு ஓர் உறுப்பினரும் இல்லாமல், நீக்கப்பட்டவருக்கு இரண்டு பேர் இருந்த விந்தை அது. 1977-இல் மாவட்டம் முழுவதும் ஐந்து இடங்கள் கொண்ட ஒரே தொகுதியாக்கப்பட்டது. பிளேனி நின்றார், கீவ்னி வீழ்ந்தார். 1979 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு முதன்முதலாக நேரடித் தேர்தல் நடந்தபோது கொனாக்ட்–அல்ஸ்டர் தொகுதியில் பிளேனி 81,522 முதல் விருப்ப வாக்குகள் பெற்று முதலிடத்தில் வந்தார். அதே தேர்தலில் ஃபியானா ஃபாய்ல் கண்ட சரிவு, ஆறு மாதத்தில் லிஞ்ச் பதவி விலகக் காரணமானவற்றுள் ஒன்று.

இந்த விளக்கத்துக்கு வலுவான முதல் மறுப்பு கொள்கையைக் காட்டி எழுப்பப்படுவது. எல்லையோரத்து மக்கள் வடக்குப் பிரச்சினையைத் தங்கள் பிரச்சினையாகக் கருதினார்கள். அதைத் துணிந்து பேசியவரை ஆதரித்தார்கள். அமைப்பு, கிளை, பூத் வேலை எல்லாம் அதற்குப் பிறகுதான் என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. பிளேனியின் பற்று தேர்தல் வேடமல்ல என்பதற்கு, 1981 ஏப்ரலில் உண்ணாநிலையில் சாகக் கிடந்த பாபி சாண்ட்ஸைச் சிறையில் போய்ப் பார்த்த தெற்கத்திய உறுப்பினர் மூவரில் அவரும் ஒருவர் என்பதே போதும். ஆனால் கொள்கை மட்டுமே காரணம் என்றால் போலண்டின் கதை புரியாமல் போய்விடும். 1969 ஆகஸ்டிலேயே வடக்குக் கொள்கைக்காக ஒருமுறை பதவி விலக முயன்றவர் அவர். 1970-இல் எவரும் நீக்காமலே விலகியவர்; நாடாளுமன்ற இடத்தையும் விட்டவர். கொள்கைத் தூய்மைக்குப் பரிசு கிடைத்திருந்தால் அவருக்குத்தான் முதலில் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் அவர் தொகுதி டப்ளினின் புறநகர். புதுக் குடியிருப்புகள் முளைத்து, ஆண்டுக்காண்டு புது வாக்காளர் வந்து குடியேறும் இடம். அங்கே மக்கள் ஃபியானா ஃபாய்லுக்கு வாக்களித்தார்கள். போலண்ட் அதன் வேட்பாளராக இருந்தார். பெயர்ப்பலகையைக் கழற்றியதும் கடைக்கு ஆள் வரவில்லை. பிளேனியோடு சேர்ந்து கட்சிக் கட்டளையை மீறிய விக்லோ மாவட்டத்து பாட்ஜ் பிரென்னனும் 1973-இல் இடமிழந்து, பின்னர் கட்சிக்கே திரும்பித்தான் மறுபடி அவைக்கு வந்தார்.

அப்படியானால் 1979-இன் 81,522 வாக்குகளுக்கு என்ன பதில்? டொனிகாலுக்கு வெளியே கால்வே, மேயோ, காவன் என்று பரந்த தொகுதியில் விழுந்த வாக்குகள் அவை. அங்கெல்லாம் பிளேனிக்குக் கிளைகள் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த வாக்குகளில் கொள்கை ஆதரவும், லிஞ்ச் மீதான கோபமும், ஐரோப்பியத் தேர்தலில் வாக்காளர் எடுத்துக்கொள்ளும் சுதந்திரமும் கலந்திருந்தன என்றே கொள்ள வேண்டும். ஆனால் அந்த ஆதரவு எவ்வளவு நாள் நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். 1984-இல் அதே தொகுதியில் பிளேனி தோற்றார். 1989-இல் மீண்டும் வென்றார். கொள்கை அலை தந்ததைக் கொள்கை அலை எடுத்துக்கொண்டது. பிறகு மறுபடி தந்தது. டொனிகாலில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. 1981, 1982 பிப்ரவரி, 1982 நவம்பர், 1987, 1989, 1992 என்று எந்தக் காற்று அடித்தபோதும் அவர் இடம் அசையவில்லை. காற்றுக்கு அசைவதும் அசையாததும் ஒரே காரணத்தால் நின்றிருக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு, இதெல்லாம் அமைச்சர் பதவியால் வந்த சலுகை அரசியல் என்பது. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் அரசு கஜானாவிலிருந்து சாலையும் குழாயும் வீட்டு மானியமும் தொகுதிக்குக் கொண்டுவந்தவருக்கு நன்றிக்கடன் வாக்காகத் திரும்பியது. அதற்கு ‘ஊரின் அமைப்பு’ என்று பெரிய பெயர் எதற்கு? தொடக்கத்தைப் பொறுத்தவரை இந்த மறுப்பை ஏற்கலாம்; உள்ளாட்சித் துறை இல்லாமல் அந்த அமைப்பு அவ்வளவு கொழுத்திருக்காது. ஆனால் 1970-க்குப் பிறகு பிளேனி எந்த அமைச்சுப் பதவியிலும் இருந்ததில்லை. நன்றிக்கடன் ஒரு தேர்தலுக்குத் தாங்கும், இரண்டுக்குத் தாங்கும். கால்நூற்றாண்டு தாங்குவதற்கு நாள்தோறும் நடக்கும் வேலை வேண்டும். மாவட்ட மன்றத்தில் சுயேச்சை ஃபியானா ஃபாய்லுக்குத் தொடர்ந்து உறுப்பினர்கள் இருந்தார்கள். மனுக்களை எழுதிக்கொடுக்கவும் அலுவலகங்களுக்கு அலையவும் ஆட்கள் இருந்தார்கள். அதோடு ஃபியானா ஃபாய்லுக்கு அவையில் பெரும்பான்மை நழுவிய காலங்களில் பிளேனியின் ஒற்றை வாக்குக்கு மதிப்பு கூடியது. 1982 மார்ச்சில் ஹாஹி 86-க்கு 79 என்று பிரதமரானபோது அந்த 86-இல் பிளேனியும் ஒருவர். 1987-இல் ஃபியானா ஃபாய்லின் 81 பேரோடு பிளேனியும் சேர்ந்து 82, எதிரே 82, அவைத்தலைவரின் வாக்கில்தான் ஹாஹி பதவியேற்றார். கட்சிக்கு வெளியே இருந்துகொண்டே கட்சித் தலைவரைப் பிரதமராக்கினார். தான் விலகவில்லை, கட்சிதான் தன் கொள்கையைவிட்டு விலகிப்போயிற்று என்பது கடைசிவரை அவர் நிலைப்பாடு. அவர் அமைப்பின் பெயரே அந்த வழக்கின் மனுதான்.

மூன்றாவது மறுப்பு குடும்பப் பெயரைச் சுட்டுவது. தந்தை, மகன், பின்னர் தம்பி ஹாரி, அவர் மகன் நையல் என்று தொடர்ந்த வரிசையைப் பார்த்தால் இது வாரிசு அரசியல் என்றுதான் யாருக்கும் தோன்றும். இதற்கும் போலண்டே முதல் பதில். அவர் தந்தை ஜெரால்ட் போலண்ட் ஃபியானா ஃபாய்லின் நிறுவனர்களில் ஒருவர், நெடுநாள் அமைச்சர். பெயரில் பிளேனி குடும்பத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல அந்தக் குடும்பம். ஆனாலும் பெயர் அவரைக் காப்பாற்றவில்லை. இன்னும் நுட்பமான பதில் டொனிகாலிலேயே இருக்கிறது. 1995 நவம்பர் 8-ஆம் நாள் பிளேனி இறந்தார். 1996 ஏப்ரலில் வடகிழக்கு டொனிகாலில் நடந்த இடைத்தேர்தலில் ஹாரி பிளேனி நின்றார். இறந்தவர்மீதான பரிவு, குடும்பப் பெயர் எல்லாம் கைவசம் இருந்தும் தோற்றார். வென்றவர் ஃபியானா ஃபாய்லின் செசிலியா கீவ்னி. இருபது ஆண்டுகளுக்கு முன் பிளேனியின் ஆளாக வென்ற அதே பேடி கீவ்னியின் மகள். அடுத்து 1997 ஜூனில் பொதுத்தேர்தல் வந்தது. அதே தொகுதி, அதே ஹாரி, இம்முறை வெற்றி. பதினான்கு மாதத்தில் குடும்பப் பெயரின் மதிப்பு கூடிவிடவில்லை. இடைத்தேர்தலில் இருந்தது ஓர் இடம், அதற்குப் பாதி வாக்கு வேண்டும். பொதுத்தேர்தலில் இருந்தவை மூன்று, கால்பங்கு போதும். 1976-இல் ஒற்றை இடத்தையே பறித்துக் காட்டிய அமைப்பு, 1980-இல் மாவட்டம் தழுவிய இடைத்தேர்தலிலும் 1996-லும் அதைச் செய்ய முடியாமல் நின்றது. தன் கால்பங்கை மட்டும் அது யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு இந்த வலிமை எதற்குப் பயன்பட்டது என்று கேட்காமல் விட முடியாது. ஊரின் அமைப்பு பிளேனியைக் காப்பாற்றியது. அவர் எதற்காகப் பதவி இழந்தாரோ அதைக் காப்பாற்றியதா? இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1985-இல் வடக்கு குறித்து டப்ளினும் லண்டனும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை எதிர்க்கட்சியில் இருந்தபோது ஹாஹி எதிர்த்தார். 1987-இல் பிளேனியின் வாக்கையும் சேர்த்துக்கொண்டு பதவிக்கு வந்ததும் அதே ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தினார். வெளியே நிற்கும் ஒற்றை உறுப்பினர் ஓர் அரசை அமைக்க உதவலாம், கவிழ்க்கவும் உதவலாம். அமைச்சரவை மேசையில் அமர்ந்து கொள்கை எழுத முடியாது. ஹாஹி தலைகுனிந்து உள்ளே இருந்ததால் தலைமையைப் பிடித்தார். பிடித்தபின் கொள்கையைத் தன் வசதிக்கு வளைத்தார். போலண்ட் கொள்கையை வளைக்கவில்லை. அவருக்கு அவையே இல்லாமல் போயிற்று. இருவருக்கும் நடுவில் பிளேனி இடத்தையும் கொள்கையையும் சேர்த்து வைத்திருந்தார். ஆனால் அந்த இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே இருந்தன.

இதன் தொடர்ச்சி அவர் மறைவுக்குப் பின் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1997-இல் பெர்டி அஹர்னின் சிறுபான்மை அரசைத் தாங்கிய சுயேச்சைகளில் ஹாரி பிளேனியும் ஒருவர். அந்த ஆதரவுக்கு அவர் கேட்டவற்றுள் நிலைத்து நிற்பது மல்ராய் விரிகுடாவைக் கடந்து ஃபனாட்டை அடுத்த கரையோடு இணைக்கும் பாலம். 2009-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்துக்கு ஹாரி பிளேனியின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. சுற்றிப்போன மக்களுக்குப் பாதை சுருங்கியது. அதைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆனால் அதே அஹர்ன் அரசுதான் 1998-இல் புனித வெள்ளி ஒப்பந்தத்தின் பகுதியாக, தீவு முழுவதும் தேசத்தின் நிலப்பரப்பு என்ற அரசமைப்பு உரிமைக்கோரலை மக்கள் வாக்கெடுப்பின் மூலம் திருத்தியது. குடியரசில் 94 விழுக்காட்டினர் அதற்கு ஆம் என்றார்கள். அண்ணன் அமைச்சர் பதவியை இழந்தது அந்தக் கோரிக்கைக்காக. அதைத் தளர்த்திய அரசு நின்றது தம்பியின் வாக்கையும் ஊன்றிக்கொண்டு. இதைத் துரோகம் என்று எழுதுவது எளிது, ஆனால் சரியாகாது. அமைப்பு எதன்மேல் கட்டப்பட்டதோ அதற்கு உண்மையாகவே நடந்துகொண்டது. அது எப்போதும் ஊரின் அமைப்பு. வடக்கு அதன் கொடி. பாலமும் சாலையும் அதன் அன்றாடம்.

2002-இல் ஹாரி ஒதுங்க, மகன் நையல் அந்த இடத்தில் வென்றார். 2006 ஜூலையில் அவர் ஃபியானா ஃபாய்லில் சேர்ந்தார். 1970-இல் திறந்த கணக்கு மூடப்பட்டது இப்படித்தான். யார் வென்றார்கள் என்று கேட்டால், தலைமை தான் நீக்கிய குடும்பத்தையே திரும்ப வரவேற்றுத்தான் தொகுதியில் தன் பழைய இடத்தை முழுதாகப் பெற முடிந்தது என்று சொல்லலாம். அந்தக் குடும்பம் எந்தக் கேள்விக்காக வெளியேறியதோ, அந்தக் கேள்வி அதற்குள் தீர்ந்துபோயிருந்தது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஐரிஷ் கட்சிகளைத் தலைவர்களின் வரலாறாக மட்டும் எழுதினால் ஹாஹி பெரியவராகவும் பிளேனி கிளைக்கதையாகவும் தெரிவார்கள். கிளைகளிலிருந்து எழுதத் தொடங்கினால் கட்சி என்பது இப்படிப்பட்ட ஊர்ப் படைகள் சேர்ந்து செய்துகொண்ட உடன்படிக்கையாகத் தெரிகிறது; தலைமைக்கு அதில் கையெழுத்துண்டு, உரிமைப் பத்திரம் மட்டும் ஊரில் இருக்கிறது. அந்தப் பத்திரத்தைத் தலைமை மறந்த ஒவ்வொரு முறையும் ஒரு சுயேச்சை பிறந்திருக்கிறார். 1966-இல் தெற்கு கெரியில் பிளேனியின் படை வந்து நடத்திய இடைத்தேர்தலில் பாடம் படித்த ஓர் உள்ளூர்த் தொண்டர், முப்பது ஆண்டுகள் கழித்துத் தனக்குச் சீட்டு மறுத்த அதே கட்சிக்கு அந்தப் பாடத்தைத் திருப்பி நடத்திக் காட்டினார். தட்டைத் தொப்பியோடு நாடாளுமன்றம் புகுந்த ஜாக்கி ஹீலி ரேயின் கதை அடுத்த அத்தியாயத்தில்.